தூறும் தூரும்

எங்கள் தெரு அக்கா ஒருவரைப் பற்றிக் குழாயடியில் கண்டபடி பேசினார்கள். பொறுக்க முடியாமல் காவல் நிலையம் போனார். துணைக்கு நானும் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த காவலர் கன்னடத்தில், "ஏனம்மா தூரு?" என்றார். அக்கா பதறிவிட்டார். "நான் யாரையும் தூத்தலைங்க சார். அவங்கதான் தூத்துறாங்க."

பெங்களூரில் 'தூரு' என்றால் புகார். அரசு அலுவலகச் சுவரில் தொங்குவது 'தூரு பெட்டிகெ'. ஆனால் அக்காவின் காது பொய் சொல்லவில்லை. தமிழில் பழிச்சொல்லைக் குறிக்கும் தூறும் இதுவும் ஒரே வேர். பழங்கன்னடத்திலும் அதில் றகரம்தான் இருந்தது. அந்த எழுத்து வழக்கொழிந்து ரகரமானது. பழி சொல்வது முறையிடுவதாக மாறியது. தூற்றியவனின் சொல் தூற்றப்பட்டவளின் கைக்கு வந்துவிட்டது. எனக்கு அதில் ஒரு நிறைவு உண்டு.

தமிழில் அந்த வினை களத்துமேட்டை விட்டு நகரவில்லை. நெல்லைத் தூற்றுவதும் ஆளைத் தூற்றுவதும் நமக்கு ஒரே வினை. குறளின் புறங்கூறாமை அதிகாரத்திலேயே அது பழி பரப்பும் பொருளில் வருகிறது. முறத்தோடு நிற்பவர் முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார். பதர் தன் மேல் விழக்கூடாது. வம்பு பேசுகிறவருக்கும் அந்தக் கணக்கு தெரியும். கன்னடம் இரண்டையும் பிரித்துக்கொண்டது: நெல்லுக்குத் 'தலை'யின் த, பழிக்குத் 'தசரா'வின் த. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளச் சொல்லும் பழமொழி மட்டும் இரண்டு மொழிக்கும் பொது.

தூறோ 'அவ' என்ற வடமொழி முன்னொட்டைச் சேர்த்துக்கொண்டு 'அவதூறு' ஆகிக் கோர்ட் ஏறியது. வாயால் சொன்ன பழி வேறு, எழுதிய பழி வேறு என்றது இங்கிலாந்துச் சட்டம். 1834-ல் பல்லக்கில் பெங்களூர் வழியாக ஊட்டி போன மெக்காலே, 1837 தண்டனைச் சட்ட வரைவில் இரண்டையும் ஒன்றாக்கினார். 1860 தண்டனைச் சட்டத்தில் அது 499-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356. வாய்ப்பேச்சுக்கும் 2 ஆண்டு வரை சிறை. பக்கத்துக் கோலாரில் 2019-ல் மேடையில் பேசியதற்காக ராகுல் காந்திக்கு 2023 மார்ச்சில் சூரத் நீதிமன்றம் விதித்தது அந்த முழு 2 ஆண்டு. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது.

இந்தக் குற்றத்தைப் போலீஸ் தானாகக் கையில் எடுக்க முடியாது. பாதிக்கப்பட்டவரே மாஜிஸ்திரேட்டிடம் போகவேண்டும். அதற்குப் பெயர் 'காசகி தூரு', தனிநபர் புகார். காவலர் பொறுமையாகத்தான் விளக்கினார்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டார்: "அங்கயும் தூறுன்னுதான் எழுதணுமா?"