வீட்டுக்குள் ஒரு பட்டறை: வீணை, கிடார், யுகுலேலே பிறந்த கதை

இரண்டு மாதமாக 'பி' பிளாக்கில் மதிய நேரத்தில் கேட்ட இழைப்புளிச் சத்தம் என் வீட்டு பால்கனியிலிருந்து வந்ததுதான். பேரனுக்காக ஒரு யுகுலேலே செய்துகொண்டிருந்தேன். நான்கு தந்தி போட்ட குட்டி கிடார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ் வீட்டுத் தம்பி ஒரு நாள் மேலே வந்து, "சார், மத்தியானம் பாப்பா தூங்கற நேரமுங்க" என்றார். அவர் சொன்னது நியாயம். அன்றே நிறுத்திவிட்டேன். கிடைத்த ஓய்வில் இந்த வாத்தியங்களின் பிறப்பைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். எந்தப் பக்கம் போனாலும் கதை ஒரு தச்சர் வீட்டு வாசலில் போய் நின்றது. அதை இங்கே எழுதுகிறேன். கடைசியில் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பமும் உண்டு.

முதலில் நம் தஞ்சாவூர். இன்று நாம் பார்க்கும் 24 மெட்டு வீணை, 17ஆம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் காலத்தில் உருவானது என்பது மரபு. ஒரு ஸ்தாயிக்கு 12 ஸ்வரஸ்தானம், இரண்டு ஸ்தாயிக்கு 24 மெட்டு. மெட்டுகளை இப்படி நிலையாகப் பதித்ததால் ஒரே வீணையில் எல்லா ராகங்களையும் வாசிக்க முடிந்தது. அவருடைய அமைச்சர் கோவிந்த தீட்சிதரின் மகன் வேங்கடமகிதான் பிறகு 72 மேளங்களை வகுத்து 'சதுர்தண்டி பிரகாசிகை' எழுதியவர்.

அரசரும் அமைச்சரும் பெயர் பெற்றார்கள். ஆனால் மரத்தைக் குடைந்தவர் தச்சர். வீணைக்குப் பலா மரம்தான் வேண்டும். பண்ருட்டிப் பக்கத்துப் பலாவுக்குத் தனி மதிப்பு. குடம், தண்டி, யாளி முகம் ஆகியவற்றைத் தனித்தனியாகச் செய்து இணைத்தால் ஒட்டு வீணை. ஒரே மரத்தில் முழுதாகக் குடைந்தால் ஏகாந்த வீணை. பிறகு தேன்மெழுகில் குங்கிலியமும் கரியும் கலந்து தண்டியின் மேல் பூசி, அதில் மெட்டுகளைப் பதிப்பார்கள். இதற்கு அளவுகோல் உதவாது. தந்தியை மீட்டி, காதால் கேட்டு, மெட்டை நகர்த்தி நிறுத்த வேண்டும். மேளம் கட்டுவது என்று இதற்குப் பெயர். வெயிலிலும் காலப்போக்கிலும் மெழுகு இளகினால் மறுபடி கட்ட வேண்டும். அதனால் வீணை செய்தவருக்கும் வாசிப்பவருக்கும் உறவு விற்பனையோடு முடிவதில்லை. 2013ல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2022ல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரமும் 2023ல் மானாமதுரை மண்பாண்டமும் அதைப் பெற்றன.

இந்த இடத்தில் என் சொந்தக் கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். 1980களின் கடைசியில் தஞ்சைப் பக்கத்துக் கிளை ஒன்றில் கடன் பிரிவில் இருந்தேன். வீணை செய்யும் பெரியவர் ஒருவர் மரம் வாங்கக் கடன் கேட்டு வந்தார். படிவத்தில் வீட்டு முகவரி ஒரு வரி, தொழிலிட முகவரி ஒரு வரி. இரண்டிலும் ஒரே கதவு எண். தனியாகத் தொழிலிடம் இருப்பதற்குச் சான்று இல்லை என்று குறிப்பு எழுதியது நான்தான். மேலாளர் கையெழுத்திட்டார். பெரியவர் எதுவும் பேசாமல் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். ஓரிரு வருடம் கழித்து அந்தத் தெரு வழியாகப் போனேன். அவர் வீட்டுத் திண்ணையில் மரத்தூள் இல்லை.

இனி யுகுலேலே. போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதேரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு, 1879 ஆகஸ்டில் 'ரேவன்ஸ்கிராக்' என்ற கப்பல் ஹவாய் தீவுகளின் ஹொனலூலுவை அடைந்தது. நம் ஊர் மக்கள் மொரீஷியஸுக்கும் நெட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய காலமும் அதுதான். அந்தக் கப்பலில் மூன்று தச்சர்கள் இருந்தார்கள்: மனுவேல் நூனெஸ், அகுஸ்தோ தியாஸ், ஜோசே தோ எஸ்பிரித்தோ சாந்தோ. தோட்ட வேலைக்குப் பிறகு மூவரும் ஹொனலூலுவில் மரச்சாமான் கடை போட்டார்கள். மேசை நாற்காலியோடு, தங்கள் தீவின் சின்னத் தந்தி வாத்தியத்தை உள்ளூர் 'கோவா' மரத்தில் செய்தார்கள். அதுவே யுகுலேலே. ஹவாய் மொழியில் 'துள்ளும் தெள்ளுப்பூச்சி' என்று பொருள் சொல்வார்கள். மன்னர் கலாகௌவா அதை அரண்மனைக்குள் அழைத்தார். 1915ல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுவதும் பரவியது.

கிடார் கதையும் இப்படித்தான். ஸ்பெயினின் அந்தோனியோ தே தோரெஸ் தச்சு வேலை பழகியவர். இன்றைய கிடாரின் உருவத்தை நிலைநிறுத்தியவர் அவரே. 1862ல் பக்கங்களையும் பின்புறத்தையும் வெறும் காகித அட்டையில் செய்து, முன்பலகையை மட்டும் நல்ல மரத்தில் வைத்து ஒரு கிடார் செய்தார். வாத்தியத்தின் குரல் முன்பலகையில்தான் இருக்கிறது என்று காட்டுவதற்காக. அவ்வளவு கெட்டிக்காரரும் பிழைப்புக்காகச் சில காலம் பீங்கான் கடை நடத்தினார்.

ஜெர்மனியில் வேறு சிக்கல். கிடார் செய்யும் உரிமை யாருக்கு என்று வயலின் செய்வோர் சங்கத்துக்கும் மரச்சாமான் தச்சர் சங்கத்துக்கும் வழக்கு. தச்சர் குடும்பத்தில் பிறந்த சி. எஃப். மார்ட்டின் இந்தச் சண்டையில் சலித்து 1833ல் நியூயார்க் போய்விட்டார். இன்று உலகம் அறிந்த மார்ட்டின் கிடார் அப்படிப் பிறந்தது. ஒரு சங்கத்தின் தீர்மானம் ஒரு கைத்தொழிலையே நாடு கடத்திவிடும் என்பதற்கு இது சாட்சி.

அதே மார்ட்டின் நிறுவனம், பிரேசில் ஈட்டி மரம் கிடைப்பது அரிதானதும் 1969ல் இந்திய ஈட்டிக்கு மாறியது. ஆக, அமெரிக்கக் கிடாரின் முதுகில் நம் மலைக்காட்டு மரம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஈட்டி மரத்தைக் காக்க 1994ல் தனிச் சட்டமே வந்தது. பல்லாண்டு வளரும் மரம் என்பதால் அது தேவைதான்.

அதனால் நான் ஈட்டியைத் தேடவில்லை. சேலத்தில் பழைய வீடு இடித்தபோது வந்த ஒரு தேக்குக் கதவை வாங்கினேன். அதை 2 மி.மீ. பலகையாக இழைத்து, நனைத்து, சூடான இரும்புக் குழாயில் வளைத்தேன். முதல் இரண்டு பலகை முறிந்தது. மூன்றாவது வளைந்தது.

மெட்டு வைக்கும் இடத்தில் என் பி.காம். உதவியது. கிடாரிலும் யுகுலேலேவிலும் ஒவ்வொரு மெட்டுக்கும் ஸ்வரத்தின் அதிர்வு 5.946 சதவீதம் கூடும். 12 மெட்டில் சரியாக இரட்டிப்பாகும். நாம் வங்கியில் போட்ட கூட்டு வட்டியேதான்! தந்தியின் நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் மெட்டின் இடம் கிடைக்கும். என் 34 செ.மீ. தந்திக்கு அது சுமார் 19 மி.மீ. மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுக்க வேண்டும். நான் செய்த தவறு, ஒவ்வொரு மெட்டையும் முந்தைய மெட்டிலிருந்து அளந்தது. அரை மி.மீ. பிழைக்கும் வட்டி ஏறி, 12ஆவது மெட்டில் சுருதி ஓடிவிட்டது. பேரேட்டில் 10 பைசா இடித்தால் இரவு வரை உட்கார்ந்து தேடிய கை இது. எல்லா மெட்டையும் பிடுங்கி, ஒரே முனையிலிருந்து அளந்து மறுபடி வைத்தேன். காதால் மட்டுமே மேளம் கட்டும் தஞ்சைக் கலைஞரின் திறமை எனக்கு அன்றுதான் முழுதாக உறைத்தது.

சேலம், நாமக்கல் பக்கம் வளர்ந்தவர்களுக்கு வீட்டுப் பட்டறை புதிதல்ல. முன்கட்டில் தறி, பின்கட்டில் சமையல் என்று வாழ்ந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. கொலுசுக்குப் பொடி வைத்த கைகளும் உண்டு. அடுக்குமாடிக்கு வந்தபோது தொழிலைக் கீழே விட்டுவிட்டு வந்தோம். நம் சங்க விதியிலும் 'வீட்டில் தொழில் கூடாது' என்றே இருக்கிறது. அன்று ஒரு பெரியவருக்கு விதியைக் காட்டிய நான் இன்று அதே மாதிரி விதிக்கு முன்னால் நிற்கிறேன்.

என் விண்ணப்பம் இதுதான். ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் காலியாகக் கிடக்கும் சின்ன அறையைப் பொதுப் பட்டறையாக அனுமதிக்க வேண்டும். காலை 10 முதல் 12 வரை, மாலை 4 முதல் 6 வரை மட்டும். கைக்கருவிகள்தான், மின்ரம்பம் கிடையாது. விற்பனை கிடையாது. தூளைப் பெருக்குவது அவரவர் பொறுப்பு. தையல், மர வேலை, சைக்கிள் பழுது என்று யாருக்கும் பயன்படும். குழந்தைகள் ஒரு பொருள் கையால் எப்படி உருவாகிறது என்று நின்று பார்க்கலாம்.

அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேசுவோம். வேண்டாம் என்று முடிவானாலும் வருத்தமில்லை. மதியம் பாப்பா தூங்குவதே முக்கியம். யுகுலேலேவுக்குத் தந்தி கட்டுவது மட்டும் பாக்கி. அதற்குச் சத்தம் வராது. அதன் பிறகு வரும் சத்தத்துக்குப் பேரன் பொறுப்பு.