ஒரே பெயரில் இருவர்

வீட்டு முற்றத்தில் கேட்பாரற்றுப் பூத்துக் கிடக்கிறதே நித்தியகல்யாணி, அதற்கு 1759-ல் லின்னேயஸ் சூட்டிய பெயர் 'வின்கா ரோசியா'. கட்டுவது என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது வின்கா. ஐரோப்பிய வின்காக்கள் தரையில் கொடியாகப் படர்பவை. நம் செடியோ நிமிர்ந்து நிற்பது. ஆகவே தாவர நூலார் பிற்பாடு அதை வேறு இனத்தில் சேர்த்துப் பெயரையும் மாற்றிவிட்டார்கள்.

பெல்கிரேடுக்கு அருகே, டான்யூப் நதிக்கரையில் ஒரு கிராமம் உண்டு. லத்தீன் எழுத்தில் எழுதினால் அதற்கும் இதே பெயர்தான். நான்காம் எழுத்தின் தலையில் ஒரு சிறு கொக்கி. அதனால் 'வின்ச்சா' என்று ஒலிக்கும். செடிக்கும் ஊருக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது.

1908-ல் மிலோயே வாசிச் என்பவர் அந்த ஊர் மேட்டைத் தோண்டத் தொடங்கினார். வீடுகளின் அடித்தடங்கள், பானைகள், பெரிய கண்களுடன் மண் பாவைகள் எல்லாம் வெளிப்பட்டன. அது கிரேக்கர் குடியேற்றம் என்று பிற்காலத்தில் அவர் சாதித்தார். கரிக் கணிப்பு வந்து, கி.மு. 5000-ஐ ஒட்டிய புதிய கற்கால ஊர் அது என்று காட்டியது. தோண்டிய கை சரி; கணக்குத்தான் தப்பு!

அதே கிராமத்தில் பின்னால் அணு ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1958 அக்டோபர் 15-ல் அங்கே அணு உலை கட்டு மீறி, ஆறு பேர் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். பாரிஸில் டாக்டர் ஜார்ஜ் மாத்தே, உறவு எதுவும் இல்லாத பிரெஞ்சுக்காரர்களின் எலும்பு மஜ்ஜையை அவர்களில் ஐவருக்குச் செலுத்தினார். ஆறு பேரில் ஒருவர் இறந்தார், ஐவர் பிழைத்தார்கள்.

அதே 1958-ல் கனடாவில் நோபிளும் பீரும், வின்கா ரோசியாவிலிருந்து பிரித்தெடுத்த ஒரு மருந்தை உலகுக்கு அறிவித்தார்கள். அவர்கள் தேடியது நீரிழிவுக்கு மருந்து. ஆனால் எலிகளின் சர்க்கரை இறங்கவில்லை. வெள்ளை அணுக்கள் இறங்கின. 'வின்பிளாஸ்டின்' வந்தது, அதன் பின் 'வின்கிரிஸ்டின்' வந்து, ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு இன்றும் கைகொடுக்கிறது. அதற்காக இலையைப் பறித்துக் கஷாயம் வைத்துவிடாதீர்கள், அது விஷம்.

ஒருவர் கிரேக்கரைத் தேடினார். மற்றவர்கள் நீரிழிவு மருந்தைத் தேடினார்கள். தேடியது இருவருக்குமே அகப்படவில்லை. கையில் கிடைத்ததைத் தூர எறியாமல் வைத்திருந்தார்களே, அதனால்தான் நமக்கு ஒரு பழைய ஊரும், எத்தனையோ குழந்தைகளின் உயிரும் மிஞ்சின.