கைலிக்குச் சட்டமில்லை

2024 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு கேள்வி எழுந்தது. டி-ஷர்ட் 'கேஷுவல்' உடையா? அப்போது துணை முதலமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின் கட்சிச் சின்னம் போட்ட டி-ஷர்ட்டோடும் ஜீன்ஸோடும் அரசு நிகழ்ச்சிகளுக்கு வருகிறார், 2019ஆம் ஆண்டு அரசாணைப்படி அது கூடாது என்று வழக்கு. அந்த அரசாணை தலைமைச் செயலக ஊழியர்களுக்கானது. பெண்கள் புடவை, அல்லது துப்பட்டாவோடு சல்வார், சுடிதார். ஆண்கள் சட்டையும் ஃபார்மல் பேண்ட்டும், அல்லது தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டி, அல்லது வேறு இந்திய மரபுடை. கேஷுவல் உடை ஆகாது. இது அமைச்சர்களுக்கும் பொருந்துமா, டி-ஷர்ட் கேஷுவல் கணக்கில் வருமா என்று நீதிபதிகள் அரசுத் தரப்பைக் கேட்டார்கள். பத்திரிகைகளுக்கு நல்ல தமாஷ் கிடைத்தது.

நமக்கு இது தமாஷ் இல்லை. 'கேஷுவல்' என்பதற்குத் தமிழில் நேர்ச்சொல் கிடையாது. 'ஃபார்மல்' என்பதற்கும் கிடையாது. நம் வீடுகளில் புழங்கும் சொல் 'டீசண்ட்'. "டீசண்டா ஏதாவது போட்டுக்கினு வா" என்பார்கள். உழைக்கிறவர்கள் வீட்டில் அதுவும் இல்லை. வேலைத் துணி, வெளியே போற துணி என்று இரண்டே வகைதான். பெட்டியில் மடித்து வைத்திருக்கும் ஒரு செட், கொடியில் தொங்கும் ஒரு செட். கேஷுவல் என்ற மூன்றாவது வகை, அதாவது வேலைக்கும் ஆகாத, விசேஷத்துக்கும் ஆகாத, ஆனால் விலை கூடிய 'சாதாரணம்', ஓய்வு நேரம் உடையவர்களின் கண்டுபிடிப்பு. தன்னை யாரும் மட்டமாக நினைத்துவிடமாட்டார்கள் என்ற உறுதி இருப்பவர்தான் சாதாரணமாக உடுத்த முடியும். அந்த உறுதி இல்லாதவர் இஸ்திரி போட்டே ஆகவேண்டும். பூர்தியூ பிரெஞ்சுக்காரர்களின் ரசனையை வைத்து வர்க்கத்தைப் படித்தார். நமது ஊர்களில் ரசனை வரைக்கும்கூடப் போக வேண்டியதில்லை. எந்தத் துணி எந்த உடம்பில் ஏறலாம் என்பது இங்கே தெருவிலேயே தீர்மானிக்கப்பட்டிருந்தது.

இதைப் படிக்கப் பாலாற்றங்கரையைவிட நல்ல இடம் இல்லை. நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயர் தாங்கிய வாலாஜாபேட்டை, நெசவும் துணி வணிகமுமாய் வாழ்ந்த ஊர். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பி வாலாஜா ரோடு வரைக்கும்தான் வந்தது. மேற்கே குடியாத்தத்தில் கைலித் தறிகள். ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல். துணியும் தோலும் பக்கம் பக்கமாக இருக்கிற ஒரு நிலப்பரப்பு. உடைக் கட்டுப்பாட்டுக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கிய முதல் பெரிய கலகமும் இங்கேதான் நடந்தது.

1805 நவம்பரில் சென்னைப் படையின் தளபதி ஜான் கிரடாக் சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை ஒன்றைக் கட்டளையிட்டார். பழைய முண்டாசுக்குப் பதிலாகத் தொப்பி போன்ற ஒன்று. அதில் தோலால் ஆன குஞ்சம். 1806 மார்ச்சில் விதிகள் இன்னும் இறுகின. சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சாதி, சமயக் குறி கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடியை மழிக்க வேண்டும். மீசையின் அளவுகூட ஒரே மாதிரி இருக்க வேண்டும். அணிவகுப்பில் எல்லோரும் ஒருவரைப்போல் ஒருவர் தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். கீழ்ப்படியும் உடல்களைப் பற்றி ஃபூக்கோ எழுதியதற்கு வேலூர்க் கோட்டையைவிடப் பச்சையான உதாரணம் வேறென்ன வேண்டும்?

மே மாதம் வேலூரில் ஒரு பட்டாளம் தலைப்பாகையைப் போட மறுத்தது. பிடித்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கசையடி கொடுத்து வேலையை விட்டுத் துரத்தினார்கள். ஜூலை 10 விடியுமுன் கோட்டை வெடித்தது. ஐரோப்பியர் நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். ஆற்காட்டுப் பாளையத்திலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கினார். அரண்மனைக்குள் ஒளிந்த சிப்பாய்களை வெளியே இழுத்துச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். விசாரணைக் குழு இரண்டு காரணங்களைச் சொன்னது. ஒன்று உடை மாற்றம், மற்றது கோட்டையில் வைக்கப்பட்டிருந்த திப்புவின் குடும்பம். விதிகள் வாபஸ் ஆயின. கிரடாக்கும் ஆளுநர் பெண்டிங்கும் லண்டனால் திரும்ப அழைக்கப்பட்டார்கள்.

நமது வரலாற்றாசிரியர்கள் இதை முதல் சுதந்திரப் போர் என்று கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். உடை என்பது அற்பக் காரணம், அரசியல்தான் நிஜக் காரணம் என்று அவர்கள் அவசரமாகச் சேர்த்துக்கொள்வதுதான் உறுத்துகிறது. தலைப்பாகைக்காக யாராவது உயிரை விடுவார்களா என்ற கேள்விக்குள் இருப்பது நடுத்தர வர்க்கத்தின் அலமாரி. மாற்றிப் போட்டுக்கொள்ள இன்னொன்று இருக்கிறவன் கேட்கிற கேள்வி அது. சிப்பாய்க்குத் தொப்பி என்றால் வெள்ளைக்காரன், அல்லது வேதத்துக்கு மாறியவன். அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனால் பெண் கொடுக்க மாட்டார்கள், பந்தியில் சேர்க்க மாட்டார்கள். உடை மாறினால் உறவுமுறையே மாறிப்போகும் என்பது அவனுக்குத் தெரியும்.

இதற்குள் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. தலையில் தோல். தோல் என்றாலே தீட்டு என்று வைத்திருந்த சமூகம் நமது. காலில் கிடக்க வேண்டியது தலைக்கு ஏறுகிறது என்ற அருவருப்பு அந்தக் கோபத்தில் கலந்திருக்காது என்று யாராவது சொல்ல முடியுமா? எந்த மிருகத்தின் தோல் என்பது மட்டுமே பேச்சாக இருந்திருக்க முடியாது. அந்தத் தோலை உரித்து, சுண்ணாம்பில் ஊறப்போட்டு, ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய கை யாருடையது என்பதும் சேர்ந்துதான் அந்தக் குஞ்சத்தில் தொங்கியது. காலனிய எதிர்ப்பையும் சாதி மானத்தையும் ஒரே முண்டாசில் கட்டியிருக்கிறார்கள். தோலைத் தொட்டவர்கள் பக்கம் நின்று பார்க்கிறவர்களுக்கு இந்தக் கலகம் முழுதாகச் சொந்தமாவதில்லை.

அவர்களுக்குச் சீருடையின் கதையே வேறு. பட்டாளத்துக் கோட்டு, துரை வீட்டு பட்லரின் வெள்ளுடை, பிறகு கோலார் தங்கவயலில் சுரங்க வேலைக்குப் போட்ட சட்டை, பூட்ஸ். சேரிக்குள் முழு உடை நுழைந்த வழிகள் இவை. 1880களிலிருந்து வட ஆற்காட்டின் தலித்துகள் தங்கவயலுக்குப் பெயர்ந்து போனார்கள். லீவுக்கு ஊர் திரும்பும்போது பேட்டியில் போகிற மாதிரி உடுத்திக்கொண்டுதான் ரயிலை விட்டு இறங்கினார்கள். உரிமையாளர் சீருடையை ஒழுங்குக்காகக் கொடுத்தார். போட்டுக்கொண்டவர் அதை ஊருக்கு எதிராகப் போட்டுக்கொண்டார்.

எதிராகத்தான். ஊர் என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்பதற்கு எழுத்துச் சாட்சியமே இருக்கிறது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஹட்டன் அவற்றைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. குடை, செருப்பு கூடாது. பொன், வெள்ளி நகை கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக்கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. மறுவருஷம் தடைகள் பதினொன்றாகக் கூடின. இப்போது 2019 அரசாணையின் துப்பட்டாவை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே மூடினால் குற்றம், இங்கே மூடாவிட்டால் குற்றம். தொண்ணூறு வருஷ இடைவெளியில் கட்டளை தலைகீழாகியிருக்கிறது. கட்டளை இடுகிற உரிமை மட்டும் கைமாறவே இல்லை.

அரை நிர்வாணம் ஒருவருக்கு விரதம், இன்னொருவருக்குத் தண்டனை. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி மேலாடையைக் களைந்தார். அவர் ஏழையைப்போல் உடுத்த முடிவு செய்தார் என்று படிக்கிறோம். ஏழை அப்படி உடுத்த முடிவு செய்யவில்லை. அம்பேத்கர் மூன்றடுக்கு சூட்டை விடாமல் போட்டதை 'மேல்நாட்டு மோகம்' என்று பேசியவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியவே இல்லை. பாலாற்றங்கரைச் சேரிகளில் சிலையாக நிற்கும் அம்பேத்கர் நீலக் கோட்டு, டை, பூட்ஸோடு நிற்கிறார். அந்தக் கோட்டைக் கழற்றிவிட்டு ஒரு சிலையைச் செய்து பாருங்கள், ஊர் ஒத்துக்கொள்ளாது.

வேட்டிக்கு வருவோம். 2014 ஜூலையில் நீதிபதி ஹரிபரந்தாமன் வேட்டி கட்டிப் போனார் என்பதற்காகச் சேப்பாக்கம் கிரிக்கெட் கிளப்பில் நுழைய விடவில்லை. சட்டமன்றமே கொதித்தது. அடுத்த மாதமே சட்டம் வந்துவிட்டது: வேட்டியையோ இந்திய மரபுடையையோ காரணம் காட்டித் தடுக்கிற கிளப்பின் உரிமம் ரத்தாகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. ஒரு மாதத்தில் சட்டம்! நமது அரசு இவ்வளவு வேகமாக எதற்காவது ஓடியிருக்கிறதா? கிளப்பின் வெள்ளைக்காரத்தனம் ஒழிய வேண்டியதுதான், சந்தேகமில்லை. ஆனால் இந்தச் சட்டத்தின் வேட்டி எது? வெள்ளை வேட்டி. மடிப்புக் கலையாத, கரை போட்ட, மேடைக்குரிய வேட்டி. குடியாத்தத்துத் தறியில் நெய்த கட்டம் போட்ட கைலி இந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருமா? 'இந்திய மரபுடை' என்ற சொற்றொடரைப் பிடித்துக்கொண்டு ஒரு வக்கீல் வாதாடலாம். வாதாட ஆளிருக்காது, ஏனென்றால் கைலி கட்டியவன் கிளப் வாசல் வரைக்கும் போயிருக்கமாட்டான்.

கைலியைத் தமிழ்ப் பண்பாடு என்று எந்தக் கட்சி மேடையும் சொல்வதில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கட்டுவதும், மூட்டை தூக்குகிறவன் மடித்துக் கட்டுவதும், ரிட்டையரான தாசில்தார் வீட்டுத் திண்ணையில் கட்டுவதும் அதுதான். சாதி, மதம், வர்க்கம் எல்லாம் தாண்டிப் புழங்குகிற ஒரே துணி. அதனாலேயே அதற்கு 'பண்பாடு' என்ற அந்தஸ்து கிடைக்கவில்லை போலும். தாசில்தார் கைலியோடு வாசலுக்கு வந்தால் ஓய்வு. கூலிக்காரர் அதே கைலியோடு தாலுகா ஆபீஸுக்குப் போனால் மரியாதை தெரியாதவர். தெருவில் பெரிய மனிதர் எதிர்ப்பட்டால் மடித்துக் கட்டியதைச் சட்டென்று அவிழ்த்து விடுகிற அந்தக் கையசைவை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 1930இல் முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது. இப்போது இறக்கிவிட வேண்டும்.

ஜீன்ஸ் விஷயத்துக்கும் இங்கேயே வந்துவிடலாம். வாணியம்பாடி தாண்டினால் தர்மபுரி மாவட்டம் தூரமில்லை. 2012 நவம்பர் 7 அன்று அங்கே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்ற மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. அந்தச் சமயத்தில் பாமக நிறுவனர் ராமதாஸ் சொன்ன குற்றச்சாட்டு நினைவிருக்கும்: தலித் இளைஞர்கள் ஜீன்ஸ், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ் போட்டுப் பெண்களை மயக்குகிறார்களாம். 2024இல் எந்த டி-ஷர்ட்டும் ஜீன்ஸும் பதவிக்குப் போதாத எளிய உடை என்று நீதிமன்றத்துக்குப் போனதோ, அதே டி-ஷர்ட்டும் ஜீன்ஸும் பன்னிரண்டு வருஷம் முன்பு ஒரு சேரிப் பையனின் உடம்பில் மிதமிஞ்சிய அலங்காரமாக, ஆயுதமாகத் தெரிந்திருக்கிறது. கேஷுவல் என்ற குணம் துணியில் இல்லை. நீதிமன்றத்தின் கேள்விக்குப் பதில் வேண்டுமானால், போட்டவர் யார் என்று முதலில் கேட்க வேண்டியிருக்கும்.

இதற்கிடையே உலகம் பூட்ஸைக் கழற்றிவிட்டது. ஐரோப்பாவின் ஆபீஸ்களுக்கான பளபளப்பான தோல் ஷூவை ஆம்பூரும் ராணிப்பேட்டையும் பல்லாண்டுகளாகத் தைத்து அனுப்பின. 1970களில் பச்சைத் தோல், அரைப் பதத் தோல் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்திய பிறகு முழு ஷூவும் ஷூவின் அப்பரும் இங்கேயே தயாராயின. இன்றைக்கு அந்த ஆபீஸ்காரர்கள் ஸ்னீக்கரில் வேலைக்குப் போகிறார்கள். 2020 கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டவர்களும் உண்டு. அங்கே ஒரு மேலாளர் 'இனிமேல் கேஷுவல்' என்று நிம்மதியாக மூச்சுவிட்டால் இங்கே ஒரு ஷிஃப்ட் குறைகிறது. அரசும் 2022இல் காலணி, தோல் பொருள் கொள்கை வெளியிட்டுத் தோல் அல்லாத காலணிக்குக் கதவைத் திறந்தது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் தைவானின் ஹாங் ஃபூ நிறுவனத்துக்கு 2024இல் அடிக்கல் நாட்டினார்கள். ஓட்டப்பந்தயக்காரர்களுக்கும், ஓடாமலே ஓட்ட ஷூ போடுகிறவர்களுக்கும் இனி இங்கிருந்து போகும்.

அந்த லைனில் உட்காரும் பெண்களின் உடையைப் பற்றி யாரும் வழக்குப் போடவில்லை. கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறார்கள். புடவைக்கோ சுடிதாருக்கோ மேலே ஒரு ஓவர்கோட். தலையில் பூ, காலில் ரப்பர் செருப்பு. வருவது வேலைக்குத்தான், ஆனால் ஊரைக் கடந்து பஸ் ஏற வேண்டும், ஆகவே வெளியே போற துணி. வேலைத் துணிக்கும் வெளித் துணிக்கும் நடுவே இருந்த கோட்டை இந்தப் பெண்கள்தான் அழித்தவர்கள். கழனி வேலைக்குப் புருஷனின் பழைய சட்டையை மேலே போட்டுக்கொண்டு போன அம்மாவின் மகள் ஃபாக்டரிக்குப் பொட்டும் பவுடருமாகப் போகிறாள் என்றால் தெரு அதைக் கவனிக்கும்; "வேலைக்குப் போறாளா, கல்யாணத்துக்குப் போறாளா" என்று வாய்விட்டும் கேட்கும். அவள் பதில் சொல்வதில்லை, பஸ் வந்துவிடும்.

டேனரியில் கதை வேறு. சுண்ணாம்புக் குழியிலும் டிரம்மிலும் வேலை செய்கிறவர் வீட்டுத் துணியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கிழிந்த கைலியோ அரை டிராயரோ போட்டுக்கொண்டு இறங்குகிறார். சாயங்காலம் தேய்த்துத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் சட்டை மாட்டுவார். எவ்வளவு குளித்தாலும் வாடை முழுக்கப் போவதில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இவருடைய உடைக்கும் ஒரு விதி இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் தோல் பதனிடுவதை அபாயகரமான வேலை என்று வகைப்படுத்தின. குரோமியக் கரைசலோடு புழங்குகிறவர்களுக்குத் தண்ணீர் புகாத காலணி, கையுறை, ஏப்ரன், கால் மறைப்பு ஆகியவற்றை முதலாளி தன் செலவில் கொடுக்க வேண்டும், நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்றன. வேட்டிக்கு ஒரே மாதத்தில் சட்டம் போட்டவர்கள் இந்தப் பழைய விதியைக் கையில் எடுத்துக்கொண்டு எத்தனை டேனரி வாசலுக்குப் போனார்கள்? ஊரெல்லாம் காலணி தைக்கிற பகுதியில், குரோமியத் தண்ணீரில் நிற்கிற கால் பல இடங்களில் வெறுங்காலாகவே நின்றது.