செகந்திராபாத் சந்தையும் குப்பைச் சட்டமும்

நம் நாட்டு உழவர் வழக்கில் குப்பை என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. வீட்டைக் கூட்டித் தள்ளுவதும் குப்பை. வண்டியில் ஏற்றிச் சென்று வயலுக்கு எருவாக இடுவதும் குப்பை. நகர வாழ்வு பெருகிய பின்னர் முதற்பொருள் நிலைத்தது. இரண்டாவது பொருள் மறைந்தது. மறைந்த பொருளைச் சட்டத்தின் துணைகொண்டு மீட்க இயலுமா? இவ்வினாவுக்கு விடை காணச் செகந்திராபாத் நகரின் வரலாறு நமக்குப் பெரிதும் துணைசெய்கின்றது.

செகந்திராபாத், ஹுசேன் சாகர் ஏரிக்கு வடபால் எழுந்த படைநகரம். மூன்றாம் நிஜாமாகிய சிக்கந்தர் ஜாவின் பெயரை அது 1806-ஆம் ஆண்டிலே பெற்றது. ஆங்கிலேயரின் சென்னைப் படையைத் தொடர்ந்து தமிழ் மக்கள் பலரும் அங்கே குடியேறினர். படைவீடுகளை அடுத்துக் கடைத்தெருக்கள் வளர்ந்தன. ஜெனரல் பஜாரும் மோண்டா மார்க்கெட்டும் இன்றும் அக்காலத்தை நினைவூட்டுகின்றன. படைநகரின் துப்புரவு, நோய்க்கு அஞ்சிய துப்புரவு. கழிவைக் கண்ணுக்கு எட்டாத தொலைவுக்கு அகற்றுவதே விதிகளின் நோக்கம். அகற்றிய பின்னர் அது என்னாயிற்று என்று வினவுவார் இலர்.

1955-ஆம் ஆண்டின் ஹைதராபாத் மாநகராட்சிச் சட்டமும் இவ்வழியையே பின்பற்றியது. வீட்டில் வாழ்வோரும் கடை நடத்துவோரும் குப்பையைத் திரட்டிக் குறித்த இடத்திலே சேர்ப்பது அவர்தம் கடமையாயிற்று. 1960-இல் செகந்திராபாத் நகராட்சி ஹைதராபாத்துடன் இணைந்தது. ஆயினும் சேர்த்தலும் அகற்றலுமே பேசப்பட்டன, பிரித்தல் பேசப்படவில்லை. பிரிக்கும் தொழிலைச் செய்தவர்கள், தோளிலே சாக்கைத் தாங்கித் தெருத்தெருவாகச் சென்ற ஏழை மக்கள். காகிதம், தகரம், கண்ணாடி ஆகியவற்றைப் பொறுக்கிக் காயலான் கடையிலே எடைக்குப் போட்டு அவர்கள் பிழைத்தனர். நகரம் செய்யவேண்டிய பணியை, நகரத்தின் ஊதியம் பெறாமலே அவர்கள் செய்தனர் எனலாம்.

பிரித்து வைக்குமாறு கட்டளையிடுதல் புதிய எண்ணமன்று. பாரிஸ் நகரிலே 1883-ஆம் ஆண்டு யூஜேன் பூபெல் என்னும் ஆட்சித் தலைவர், வீட்டுச் சொந்தக்காரர்கள் மூடியுள்ள தொட்டிகளை வைக்கவேண்டும் என்று ஆணையிட்டார். அழுகும் பொருளுக்கு ஒன்று, காகிதத்துக்கும் கந்தைக்கும் ஒன்று, கண்ணாடிக்கும் சிப்பி ஓட்டுக்கும் ஒன்று என வகுத்தார். கந்தை பொறுக்குவோர் தம் பிழைப்புக் கெடும் என்று எதிர்த்தனர். பிரித்தல் நிலைபெறவில்லை, தொட்டி மட்டும் நிலைபெற்றது. பிரெஞ்சு மொழியிலே குப்பைத் தொட்டிக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகின்றது! நியூயார்க்கிலே 1895-இல் துப்புரவுத் தலைவராக வந்த கர்னல் வாரிங், சாம்பலையும் சமையற் கழிவையும் பிற குப்பையையும் தனித்தனியே வைக்கச் செய்தார். அவர் பதவி நீங்கியபின் அம்முறையும் தளர்ந்தது. ஆணை பிறப்பித்தல் எளிது. அதனை நிலைநிறுத்துதலே அரிது என்பதை இவ்விரு நகரங்களும் காட்டுகின்றன.

நம் நாட்டிலே பிரித்தல் சட்டமானதற்கு ஒரு வழக்கே காரணம். பெங்களூரைச் சேர்ந்த அல்மித்ரா பட்டேல் அம்மையார் 1996-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். அதன் பயனாக 2000-ஆம் ஆண்டிலே திடக்கழிவு விதிகள் பிறந்தன. காய்கனிச் சந்தைகளின் அழுகும் கழிவைப் பயன்படுத்தும் வகையிலே கையாளவேண்டும் என்று அவ்விதிகள் கூறின. 2016-இல் வந்த விதிகள் வணிகர்மீது நேரே பொறுப்பைச் சுமத்தின. நாளொன்றுக்குச் சராசரி 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்குவோர் பெருங்கழிவாளர் எனப்பட்டனர். ஓட்டல்களும் சந்தைச் சங்கங்களும் ஓராண்டுக்குள் பிரிக்கும் முறையை மேற்கொள்ள வேண்டும் என்றும், மறுபயன் தரும் பொருள்களைக் குப்பை பொறுக்குவோரிடமோ மறுசுழற்சி செய்வோரிடமோ ஒப்படைக்கவேண்டும் என்றும் விதித்தன. 2026-ஆம் ஆண்டின் விதிகள் பிரிவுகளை நான்காக்கின.

விதி வகுத்தாயிற்று, நிறைவேற்றம் எங்ஙனம்? நூறு கிலோ என்று எழுதிவிடலாம். அதனை நிறுப்பவர் யார்? தராசு இல்லாத இடத்திலே அவ்வெல்லை வெறும் எழுத்தேயாகும். மேலும், கடைக்காரர் காலையிலே பிரித்துத் தந்ததை ஒரே வண்டியிலே கொட்டிக் கலந்தால், மறுநாள் அவர் பிரிப்பாரா? தண்டம் விதித்தாலும் அவர் தண்டத்தைக் கட்டுவாரேயன்றி மனம் மாறார்.

இதன் விளைவை அனுபவிப்போர் வேறிடத்தில் இருக்கின்றனர். செகந்திராபாத்துக்கு வடகிழக்கிலே உள்ள ஜவஹர் நகரில் இரட்டை நகரங்களின் குப்பை மலையாகக் குவிந்தது. அதிலிருந்து கசிந்த கரிய நீர் மல்காரம் ஏரியைக் கெடுத்தது. குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் அங்கே 2020-இல் அமைந்தது; மலையின்மீது மூடாக்கும் இடப்பட்டது. ஆயினும் நிலத்தடி நீர் கெட்ட துன்பம் அவ்வூர் மக்களுக்கே. கடைத்தெருவிலே பிரிக்காமல் விட்ட ஒவ்வொரு கூடைக்கும் எங்கோ ஒரு கிணறு விலை கொடுக்கின்றது.

இந்நிலையிலே செகந்திராபாத்தின் போயின்பள்ளிக் காய்கறிச் சந்தை ஒரு நல்வழி காட்டுகின்றது. அங்கே நாள்தோறும் சுமார் 10 டன் கழிவு சேர்கின்றது. ஹைதராபாத்திலுள்ள இந்திய இரசாயனத் தொழில்நுட்ப நிறுவனத்தார் கண்ட முறைப்படி அங்கே ஓர் எரிவாயு நிலையம் அமைந்தது. வாடிய கீரையும் அழுகிய தக்காளியும் பொறியிலே துண்டாக்கப்பட்டுக் கூழாக்கப்படுகின்றன. காற்றுப் புகாத கலத்திலே நுண்ணுயிர்கள் அக்கூழைச் செரித்து வாயுவாக்குகின்றன. நாளொன்றுக்குச் சுமார் 500 யூனிட் மின்சாரமும் 30 கிலோ எரிவாயுவும் கிடைக்கும் வகையில் அமைந்தது அந்நிலையம். மின்சாரம் சந்தையின் விளக்குகளுக்கும் கடைகளுக்கும் சென்றது, எரிவாயு சந்தை உணவுச்சாலையின் அடுப்புக்குச் சென்றது, எஞ்சியது எருவாயிற்று. பிரதமர் நரேந்திர மோதி 2021 ஜனவரி 31-இல் அகில இந்திய வானொலியின் ‘மனதின் குரல்’ நிகழ்ச்சியிலே இதனை எடுத்துரைத்தார்.

இச்சந்தை வெற்றி கண்டதற்குக் காரணம் யாது? கழிவு ஒரே இனமாக, ஒரே இடத்தில் சேர்ந்தது, பிறவற்றுடன் கலக்கவில்லை. பொறுப்பேற்கச் சந்தை நிர்வாகம் இருந்தது. பயனும் வணிகர் கண்முன்னே விளக்காக எரிந்தது. ஓட்டல் கழிவோ பல இனங்கள் கலந்தது. அங்கே இவ்வளவு எளிதன்று என்பதை நாம் மறத்தலாகாது. ஆயினும் பாடம் ஒன்றே. பிரித்த பொருள் சென்றுசேரும் இடத்தை முதலில் அமைத்தல் வேண்டும். பின்னர்த் தராசு, அதன் பின்னரே தண்டம். பொறுக்கிப் பிழைக்கும் ஏழையருக்கும் இம்முறையிலே இடம் வேண்டும்.

இவ்வரிசையிலே விதிகளை நடத்தினால் வணிகர் அவற்றைச் சுமையாகக் கருதார். குப்பை என்னும் சொல்லின் இழந்த பொருளும் நமக்கு மீண்டும் கிடைக்கும்.