நானோ வெள்ளிக் கட்டு

நானோ வெள்ளிக் கட்டு என்பது மிக நுண்ணிய வெள்ளிப் படிகங்கள் பூசப்பட்ட, புண்ணின் மேல் வைத்துக் கட்டும் மருத்துவ வலை. படிகம் ஒவ்வொன்றும் சுமார் 15 நானோமீட்டர் அளவு. ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பகுத்தால் அதில் ஒரு பங்குதான் நானோமீட்டர். தீப்புண், தோல் ஒட்டிய இடம், கிருமி தொற்றிய நாட்பட்ட புண் ஆகியவற்றுக்கு இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆய்வுக்கூடத்தைத் தாண்டி நோயாளியின் படுக்கைவரை வந்த முதல் நானோ மருத்துவப் பொருள்களில் இது ஒன்று.

இதற்கு முன்னும் தீப்புண்ணுக்கு வெள்ளிதான் மருந்து. 1965இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கார்ல் மோயர் 0.5 விழுக்காடு சில்வர் நைட்ரேட் கரைசலைப் பரவலாக்கினார். கட்டு காயாமலிருக்க அதன்மேல் கரைசலை மீண்டும் மீண்டும் ஊற்ற வேண்டும். விரிப்பு, தரை, செவிலியரின் கை எல்லாம் கறுத்துப்போகும். நோயாளியின் உடலிலிருந்து உப்பும் இழுக்கப்பட்டுக் குறையும். 1968இல் சார்லஸ் ஃபாக்ஸ் உருவாக்கிய சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு இந்தத் தொல்லைகளைப் பெரிதும் போக்கியது. இன்றும் தீப்புண் வார்டுகளில் தடவப்படும் வெள்ளைக் களிம்பு அதுதான். ஆனால் அது புண்ணின்மேல் ஏடுபோலப் படியும். நாள்தோறும் அந்த ஏட்டைக் கழுவித் துடைத்தெடுத்துப் புதிதாகத் தடவ வேண்டும். தீப்புண் பட்டவர்கள் வலியால் மிகவும் அஞ்சும் நேரம் அதுவே. நானோ வெள்ளியின் மதிப்பை இந்த வலியை வைத்துத்தான் முதலில் அளக்க வேண்டும்.

கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் ராபர்ட் பரெல் உருவாக்கிய ‘ஆக்டிகோட்’ என்ற நானோ வெள்ளிக் கட்டு 1998இல் பயன்பாட்டுக்கு வந்தது. வெற்றிடக் கலத்தில் வெள்ளித் தகட்டை வாயு அயனிகளால் தாக்கி, சிதறும் அணுக்களைப் பாலிஎத்திலீன் வலையின்மேல் படியவைப்பது இதன் செய்முறை. அதே ஆண்டு எட்மன்டனில் 30 தீப்புண் நோயாளிகளிடம் நடத்திய ஒரு சோதனை வெளியானது. ஒரே நோயாளியின் ஒத்த இரு புண்களில் ஒன்றுக்கு இந்தக் கட்டும், மற்றதற்குச் சில்வர் நைட்ரேட்டும் இடப்பட்டன. புதிய கட்டு வைத்த புண்களில் தொற்று குறைவு. கட்டைப் பிரிக்கும்போது வலியும் குறைவு.

செயல்படும் விதம்

கிருமியைக் கொல்வது வெள்ளி உலோகம் அன்று. அதிலிருந்து ஈரத்தில் கரைந்து வரும் வெள்ளி அயனி. கரைவது மேற்பரப்பில்தான். ஒரு கன சென்டிமீட்டர் வெள்ளிக் கட்டியின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் கனங்களாக நறுக்கினால் மேற்பரப்பு 600 சதுர மீட்டர், அதாவது இரண்டரை கிரவுண்டுக்கும் மேல். ஆகவே கொஞ்சம் வெள்ளியே நாள்கணக்கில் அயனிகளை விட்டுக்கொண்டிருக்கும். வகையைப் பொறுத்து 3 முதல் 7 நாள் வரை கட்டை மாற்ற வேண்டியதில்லை. அயனிகள் கிருமியின் நொதிகளிலுள்ள கந்தகத்தோடு பிணைந்து அவற்றை முடக்குகின்றன. உயிரணுச் சவ்வையும் மரபுப் பொருளையும் தாக்குகின்றன.

கட்டும் முறை

கட்டும்போது கவனிக்க வேண்டியது தண்ணீர். நீலம் கலந்த சாம்பல் நிறத்திலுள்ள வலையைக் கிருமி நீக்கிய வெறும் நீரில் நனைத்து, வழியும் நீரை வடித்துவிட்டு வைக்க வேண்டும். புண் கழுவும் பழக்கத்தில் கை தானாகச் சலைன் பாட்டிலுக்குப் போகும். ஆனால் சலைனிலுள்ள குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து எளிதில் கரையாத சில்வர் குளோரைடாகப் படிந்துவிடும். மேலே ஈரம் காக்கும் இன்னொரு கட்டு வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள களிம்புகளை இதனுடன் சேர்க்கக் கூடாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு முன் கட்டை அகற்றிவிட வேண்டும்.

வரம்புகள்

கிருமியைக் குறைப்பது ஒன்று, புண்ணை ஆற்றுவது வேறொன்று. விளம்பரங்கள் இவ்விரண்டையும் குழப்புவது நோயாளிக்குச் செய்யும் தீங்கு. 2009இல் பிரிட்டனில் 213 பேரிடம் நடத்தி வெளியான ‘வல்கன்’ சோதனையில், கால் சிரைப் புண்களுக்கு வெள்ளி கலந்த பலவகைக் கட்டுகளையும் வெள்ளியில்லாக் கட்டுகளையும் ஒப்பிட்டார்கள். 12 வாரத்தில் ஆறிய புண்களின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. செலவு மட்டும் கூடியது. சர்க்கரை நோயாளியின் பாதப் புண்ணிலும் அழுத்தத்தைக் குறைப்பது, இரத்த ஓட்டத்தைச் சீராக்குவது, செத்த தசையை அகற்றுவது ஆகியவற்றுக்கு எந்தக் கட்டும் மாற்றாகாது.

வெள்ளி அயனிக்கு நண்பன், பகைவன் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த தோல் செல்களையும் அது பாதிக்கிறது. பரந்த தீப்புண்ணில் இந்தக் கட்டு இடப்பட்ட ஓர் இளைஞரின் தோல் சாம்பல் நிறமாக மாறி, கல்லீரல் நொதிகள் உயர்ந்ததாக 2006இல் ஆஸ்திரிய மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். கட்டை நிறுத்தியதும் நொதிகள் இறங்கின. வெள்ளிக்கு அடங்காத கிருமிகளும் உண்டு. பாஸ்டன் தீப்புண் வார்டு ஒன்றில் அத்தகைய சால்மொனெல்லா 1975இலேயே அறியப்பட்டது. தொற்றில்லாத, தானே ஆறும் புண்ணுக்கு முன்னெச்சரிக்கை என்ற பெயரில் இதை வைப்பது தவறு என்பதற்கு இதுவே போதிய காரணம்.

பிற நானோ வழிகள்

மின்புலத்தால் இழுத்து நூற்கப்படும் நானோ இழைப் பாய்கள், தோலிலுள்ள கொலாஜன் இழைகளின் அளவை ஒத்தவை. செல்கள் பற்றிப் படர அவை இடம் தருகின்றன. பாரிஸில் லுட்விக் லைப்லரும் டிடியே லெத்தூர்னரும் சிலிக்கா நானோ துகள் கரைசலைத் தடவி, தையலின்றி எலிகளின் தோல் வெட்டையும் கல்லீரல் வெட்டையும் ஒட்டிக்காட்டினார்கள். எம்.ஐ.டி.யின் ஷுகுவாங் ஜாங் கண்டறிந்த, தானே நானோ இழைகளாகக் கோத்துக்கொள்ளும் பெப்டைடுகளிலிருந்து இரத்தக் கசிவை நிறுத்தும் தெளிந்த ஜெல் தயாராகிறது. எண்டோஸ்கோப்பி வழியாகக் குடல் கசிவுகளின்மேல் அதைப் பூசுகிறார்கள்.