ஒரு ஜீப்பும் இரு கார்புரேட்டர்களும்

ஜீப் என்றதும் நம்மில் பலருக்குத் தாசில்தாரின் வண்டிதான் நினைவுக்கு வரும். அதன் மூதாதை போருக்காகப் பிறந்தது. 1940ஆம் ஆண்டு அமெரிக்கத் தரைப்படை, நான்கு சக்கரங்களும் இழுக்கும் சிறிய வண்டியொன்றைக் கேட்டது. பாண்டம் நிறுவனம் தன் முதல் மாதிரியை அவ்வாண்டு செப்டம்பர் 23 அன்று மேரிலாந்தின் ஹோலாபர்டு முகாமில் ஒப்படைத்தது. ஆயினும் பெரும் ஒப்பந்தங்கள் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்குமே போயின. வில்லிஸை உயர்த்தியது அதன் எஞ்சின். டெல்மர் ரூஸ் என்ற பொறியாளர் வலுப்படுத்திய அந்த 2.2 லிட்டர் எஞ்சின் 60 குதிரைத்திறன் தந்தது. போட்டியாளர் எவரிடமும் அவ்வளவு இல்லை.

அந்த எஞ்சினுக்குப் பெட்ரோலும் காற்றும் கலந்து ஊட்டியது செயின்ட் லூயிஸ் நகரத்துக் கார்ட்டர் நிறுவனத்தின் டபிள்யூ.ஓ. வகைக் கார்புரேட்டர். அதன் சிறப்பு ஒரு மெல்லிய கம்பியில் இருக்கிறது. பெட்ரோல் வரும் ஜெட்டின் துளைக்குள் அக்கம்பி இறங்கி நிற்கும். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அது மேலெழும். கம்பியின் ஒல்லியான பகுதி துளைக்கு வர, வழி அகன்று எரிபொருள் கூடும். எளிய ஏற்பாடுதான். ஆனால் கம்பியின் உயரம் சற்றே பிசகினாலும் கலவை கெடும். அதைச் சரிபார்க்கத் தனி அளவுகோலே உண்டு. போர்க்களத்துப் பட்டறையில் அது கையெட்டும் தூரத்தில் இருந்தது. இன்று இல்லை.

சோலெக்ஸ் எங்கிருந்து வந்தது? போருக்குப் பின் பிரான்சின் ஹாட்ச்கிஸ் நிறுவனம் வில்லிஸிடம் உரிமம் பெற்று எம்201 என்னும் ஜீப்பைத் தன் நாட்டுப் படைக்காகச் செய்தது. 1966 வரை 27 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை வெளிவந்தன. அவற்றில் உள்நாட்டுச் சோலெக்ஸ் 32 இடம்பிடித்தது இயல்பே. (வேலோசோலெக்ஸ் என்ற மோட்டார் மிதிவண்டியைத் தந்ததும் இதே நிறுவனந்தான்.) சோலெக்ஸில் ஏறியிறங்கும் கம்பி கிடையாது, அளவு குறித்த ஜெட்டுகள் நிலையாக நிற்க, காற்றுத் துளைகள் கலவையைத் திருத்துகின்றன. ஜெட்டைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் வேலை முடிந்தது.

ஆகவே பழைய வில்லிஸ் வைத்திருப்பவர் முன் இன்று இரு வழிகள். தேய்ந்த கார்ட்டரைப் புதுப்பிப்பதா, புதிய சோலெக்ஸ் நகலொன்றை வாங்கி மாட்டுவதா? சுவடிகளோடு பழகிய நமக்கு இது பாடபேதச் சிக்கலாகவே தோன்றுகிறது. படிக்க எளிது என்பதனாலேயே ஒரு பாடம் மூலபாடம் ஆகிவிடாது. 1943ஆம் ஆண்டு வில்லிஸில் சோலெக்ஸ் பிற்காலத்தார் எழுதிச் சேர்த்தது. ஹாட்ச்கிஸில் அதுவே மூலம். வண்டி எந்த ஊரில் பிறந்தது என்று கேட்காமல், 'சோலெக்ஸ் போலி' என்று பொதுப்படத் தீர்ப்புரைப்போரோடு நமக்கு உடன்பாடில்லை.

எங்கே ஓட்டப்போகிறோம் என்பதும் முக்கியம். செங்குத்தான மேட்டில் மிதவைக் கிண்ணம் சாய்ந்தால் பெட்ரோலின் மட்டம் மாறும், எஞ்சின் திணறும். எந்த வகையானாலும் மிதவையின் மட்டத்தைக் கவனமாக வைப்பதுதான் முதல் மருந்து. நீர் வேறு கதை. 1950இல் வந்த எம்38 படைவண்டியில், ஆறு கடக்கும்போது நீர் புகாதபடி எஞ்சினின் மூச்சுத் துளைகளைக் குழாய்களால் இணைத்தார்கள். 1943ஆம் ஆண்டு வண்டியில் அந்தப் பாதுகாப்பு இல்லை; கார்புரேட்டரை மாற்றுவதால் மட்டும் அது வந்துவிடாது.

நம் பரிந்துரை: போர்க்கால வில்லிஸென்றால் கார்ட்டரை விட்டுவிட வேண்டாம். பழுது பெரும்பாலும் கம்பியில் அன்று, த்ராட்டில் தண்டில் இருக்கும். எண்பது ஆண்டுத் தேய்மானத்தில் தண்டு தன் துளைக்குள் ஆடும். அந்த இடைவெளியில் வேண்டாத காற்று புகுந்து கலவையை மெலிவாக்கும். வண்டி நின்ற நிலையில் சீராக ஓடாது. எஞ்சினை அணைத்துவிட்டுத் தண்டை விரலால் அசைத்துப் பார்த்தாலே தெரியும். ஆட்டம் இருந்தால் கடைசல் பட்டறையில் புதிய புஷ் போடச் சொல்லுங்கள். அதற்குப் பின்னும் தடுமாறினால் சோலெக்ஸைப் பற்றிப் பேசலாம்.