ஒற்றைத் தண்டவாளம்: குண்டளை முதல் செம்பூர் வரை

இருப்புப் பாதை என்றதும் இணைபிரியாத இரண்டு இரும்புக் கோடுகளே நம் மனக்கண்முன் நிற்கின்றன. ஒன்றில்லாமல் மற்றொன்று பயனற்றது என்பது சிறு பிள்ளைகளும் அறிந்த செய்தி. ஆயினும் இருப்புப் பாதை தோன்றிய காலத்திலேயே, இரண்டுக்கு ஒன்று போதாதா என்ற கேள்வியும் கூடவே பிறந்துவிட்டது. நிலம் மிச்சம்; இரும்பு மிச்சம்; குறுகிய வளைவுகளிலும் வண்டி எளிதில் திரும்பும். கேட்பதற்கு இத்தனை இனிய இந்த யோசனை, இருநூறு ஆண்டுகளாக உலகின் பல மூலைகளிலும் பொறியியலாரை மயக்கி வந்திருக்கிறது. அந்த மயக்கத்தில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. மும்பையில் வாழும் தமிழருக்கோ தனிப் பங்கே உண்டு.

மோனோரெயில் என்ற சொல்லைத் தமிழாக்கப் புகும்போதே ஒரு சங்கடம் எதிர்ப்படுகிறது. சொல்லுக்குச் சொல் வைத்து மாற்றுவதைப் பிழைப்பாகக் கொண்டுவிட்ட நமக்கு இத்தகைய சங்கடங்கள் பழக்கமானவைதாம். ஒற்றைத் தண்டவாளம் என்பது நேர்ப்பொருள். ஆனால் செம்பூரில் தலைக்குமேல் நீண்டு கிடப்பது தண்டவாளமே அன்று. காங்கிரீட்டால் வார்த்த உத்தரம். வண்டி அந்த உத்தரத்தின்மீது கவிந்து, மேலே சில, பக்கங்களில் சில என ரப்பர்ச் சக்கரங்களால் அதைப் பற்றிக்கொண்டு ஓடுமாறு அமைக்கப்பட்டது. மும்பை மக்கள் இந்த ஆராய்ச்சியில் எல்லாம் இறங்கவில்லை. ‘மோனோ’ என்று இரண்டெழுத்தில் முடித்துவிட்டார்கள்.

இதன் வரலாறு இங்கிலாந்தில் தொடங்குகிறது. ஹென்றி பாமர் என்னும் பொறியியலார் 1821ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். மரக்கம்பங்களின்மேல் ஒரே ஒரு பாதை. அதன் இரு புறத்திலும் பொதிமாட்டின் முதுகில் தொங்கும் பைகளைப் போலச் சுமைப் பெட்டிகள். இழுப்பதற்கு ஒரு குதிரை. செஷண்ட் என்ற ஊரில் செங்கல் ஏற்றுவதற்காக இப்பாதை 1825ஆம் ஆண்டு ஜூன் மாதம் திறக்கப்பட்டபோது, அதில் மனிதர்களும் ஏறிச் சென்றார்கள். நீராவி இரயிலின் பிறந்தநாளென உலகம் கொண்டாடும் ஸ்டாக்டன்-டார்லிங்டன் பாதை திறக்கப்பட்டது அதே ஆண்டு செப்டம்பரில்தான். மூத்த குழந்தை மறக்கப்பட்டு இளைய குழந்தை பெயர் பெற்ற கதை இது.

பின்னர் பிரெஞ்சுக்காரரான ஷார்ல் லார்த்திக், அல்ஜீரியப் பாலைவனத்தில் இரு புறமும் பாரம் சுமந்து செல்லும் ஒட்டகங்களைக் கண்டு இதே எண்ணத்துக்கு மறுவாழ்வு தந்தார். அவருடைய முறைப்படி அயர்லாந்தில் லிஸ்டோவல் நகருக்கும் பாலிபனியன் கடற்கரைக்கும் இடையே 1888ஆம் ஆண்டு முதல் 1924ஆம் ஆண்டு வரை நீராவி வண்டி ஓடியது. இரு பக்கமும் எடை சமமாக இல்லாவிட்டால் வண்டி நகராது. ஒருமுறை ஒரு பியானோவை ஏற்றியபோது, மறுபக்கத்தில் இரண்டு கன்றுக்குட்டிகளை ஏற்ற நேர்ந்தது என்று அவ்வூரில் கதை சொல்வார்கள். கதை மெய்யோ பொய்யோ, அந்த வண்டியின் குணத்தை இதைவிடச் சுருக்கமாக விளக்க முடியாது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் மூணாற்றைச் சுற்றிய கண்ணன் தேவன் மலைகளில் தேயிலை பயிராகத் தொடங்கிய காலம். காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்கள் பெரும்பாலும் தமிழ் நாட்டுச் சமவெளியிலிருந்து மலையேறிய தொழிலாளர்கள். விளைந்த தேயிலையை வெளியுலகுக்குக் கொண்டுசேர்க்க வழியில்லை. மலையின் கிழக்கு விளிம்பில் இருந்த ‘டாப் ஸ்டேஷன்’ என்ற இடம்வரை அதைக் கொண்டுவந்துவிட்டால், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கவிட்டுப் போடிநாயக்கனூர்ப் பக்கம் இறக்கிவிடலாம். அந்த இடத்துக்கு மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக 1902ஆம் ஆண்டில் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள்.

யூவிங் முறை என்று இதற்குப் பெயர். தரையோடு தரையாக ஒரு தண்டவாளம். அதன்மேல் ஓடும் சிறு சக்கரங்களே பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்கும். வண்டி சாய்ந்துவிடாமல் பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் மண்சாலையிலேயே உருண்டு வரும். இழுப்பவை எருதுகள். எருது பூட்டிய இரயில் என்றால் இன்று சிரிப்பு வரலாம். ஆனால் சுமையில் மிகச் சிறு பங்கே மண்ணை அழுத்துவதால், அதே மாடு வெறும் சாலையில் இழுப்பதைப்போலப் பல மடங்கு இழுக்க முடிந்தது என்பதை நினைத்தால் சிரிப்பு அடங்கிவிடும். ஆறே ஆண்டுகளில் தேயிலையின் அளவு இந்த ஏற்பாட்டுக்கு மிஞ்சிவிட்டது. 1908இல் ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, இரண்டடி அகலத்தில் இரட்டைத் தண்டவாளமும் நீராவி எஞ்சினும் கொண்டுவந்தார்கள். அந்தப் பாதையையும் 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அடித்துச் சென்றுவிட்டது. மலையாள ஆண்டு 1099 ஆதலால், கேரளத்தில் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

குண்டளையில் ஒற்றைத் தண்டவாளத்தைக் கைவிடும் தறுவாயில், வடக்கே பட்டியாலா சமஸ்தானத்தில் அதே யூவிங் முறை வேரூன்றியது. மகாராஜா பூபிந்தர் சிங்கின் ஆட்சியில், பௌல்ஸ் என்ற இராணுவப் பொறியியலாரின் மேற்பார்வையில், 1907 முதல் ஒற்றைத் தண்டவாள வண்டிகள் ஓடின. சமஸ்தானத்துப் படையில் சும்மா நின்ற கோவேறு கழுதைகள் பல வண்டிகளை இழுத்தன. பெர்லினில் செய்த நான்கு நீராவி எஞ்சின்களும் வந்தன. மோட்டார் வண்டிகளும் நல்ல சாலைகளும் பெருகியபின் 1927ஆம் ஆண்டில் இதற்கு முடிவு வந்தது. பல்லாண்டுகள் துருப்பிடித்துக் கிடந்த எஞ்சின்களில் ஒன்று பழுதுபார்க்கப்பட்டுத் தில்லி தேசிய இரயில் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது.

இவ்விரண்டு முயற்சிகளும் ஒன்றைக் காட்டுகின்றன என்பது நம் கருத்து. பாரம் குறைவாக இருந்தவரை ஒற்றைத் தண்டவாளம் அழகாக வேலை செய்தது. பாரம் பெருகியதும் குண்டளை இரண்டாவது தண்டவாளத்தை நாடியது. பட்டியாலா சாலையை நாடியது. நகரத்துச் சனத்திரள் என்பது தேயிலைப் பெட்டியைவிடப் பெரிய பாரம் அன்றோ?

நகர மக்களைச் சுமந்து நிலைத்துநிற்கும் ஒற்றைத் தண்டவாளங்களும் இல்லாமல் இல்லை. ஜெர்மனியில் வுப்பர்ட்டால் நகரின் தொங்கு இரயில் 1901ஆம் ஆண்டு மார்ச் மாதம் திறக்கப்பட்டது. 13 கிலோமீட்டர் நீளம். குறுகிய பள்ளத்தாக்கில் ஆற்றின் இரு கரையிலும் நெசவாலைகளும் வீடுகளும் நெருங்கி நின்றன. தண்டவாளம் போட நிலம் ஏது? ஆற்றுக்கு மேலேயே இரும்புச் சட்டங்கள் நட்டு, வண்டிகளை அவற்றில் தொங்கவிட்டார்கள். 1950இல் விளம்பரத்துக்காக ஏற்றப்பட்ட ஒரு யானைக்குட்டி மிரண்டு ஆற்றில் குதித்துப் பிழைத்தது. 1999இல் பழுதுவேலை செய்தவர்கள் பாதையில் விட்டுச்சென்ற இரும்புத் துண்டில் வண்டி மோதி விழ, ஐவர் மாண்டனர். இருந்தும் அவ்வூரார் அதைக் கைவிடவில்லை. நகரமே ஒரு நீண்ட கோடாக அமைந்திருப்பதால், ஒரே பாதை நகரம் முழுவதையும் தொட்டுச் செல்கிறது. ஜப்பானில் டோக்கியோ நகரையும் ஹனேடா விமான நிலையத்தையும் இணைக்கும் பாதை, 1964ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டுக்குச் சில வாரங்கள் முன்பாகத் திறக்கப்பட்டது. சீனத்தில் சோங்சிங் என்னும் மலைநகரம் 2005 முதல் இம்முறையைப் பெருமளவில் கையாண்டுவருகிறது. மாறாக, ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரம் 1988இல் அமைத்த சிறு வட்டப்பாதையை 2013இல் பிரித்தெடுத்துவிட்டது.

காங்கிரீட் உத்தரத்தின்மேல் ஓடும் இன்றைய முறைக்கு வழிகாட்டியவர் ஆக்ஸல் வென்னர்-கிரென் என்ற சுவீடன் நாட்டுச் செல்வர். அம்முறையின் கிளைகளில் ஒன்று மலேசியாவில் தழைத்தது. 2003இல் கோலாலம்பூரில் ஓடத் தொடங்கிய ஒற்றைத் தண்டவாளம், தமிழர் கடைகளும் கோவில்களும் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியிலிருந்தே புறப்படுகிறது. அந்நாட்டின் ஸ்கோமி நிறுவனமும் நம் நாட்டு லார்சன் அண்டு டூப்ரோ நிறுவனமும் கூட்டாக, மும்பைப் பெருநகர வட்டார வளர்ச்சி ஆணையத்திடம் 2008இல் ஒப்பந்தம் பெற்றன. செம்பூரிலிருந்து வடாலா வழியாக ஜேக்கப் சர்க்கிள் வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர்; 17 நிலையங்கள்.

2014ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள், செம்பூர்-வடாலா டெப்போ ஆகியவற்றுக்கு இடைப்பட்ட முதற்பகுதி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கட்டணம் ஐந்து ரூபாய் முதல் பதினொரு ரூபாய் வரை. குளிரூட்டிய பெட்டி, அகன்ற கண்ணாடி. குழந்தைகளை அழைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக மக்கள் வந்தார்கள். சில வாரங்களுக்குப் பின் கூட்டம் கரைந்தது. காரணம் வரைபடத்திலேயே இருக்கிறது. செம்பூரிலிருந்து புறப்படும் பாதை உரத் தொழிற்சாலைக் குடியிருப்பையும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையையும் சுற்றிக்கொண்டு வடாலாவின் ஒதுக்குப்புறத்தில் முடிந்தது. ஐரோலியில் குடியிருக்கும் நம்மைப் போன்றோர் தானே கடற்கழிக்குக் கிழக்கே வாழ்கிறவர்கள். 1999இல் பாலமும் 2004இல் இரயிலும் வந்த பிறகே மும்பை நமக்குக் கிட்டியது. வாசிப் பக்கம் வண்டி மாறித் துறைமுக இரயிலில் செம்பூர் வந்தடைகிற ஒருவர், அங்கே இறங்கி மோனோவைத் தேடிப் போகத் தேவை என்ன? அதே துறைமுக இரயில் அவரை வடாலாவுக்கும் கோட்டைப் பகுதிக்கும் நேரே கொண்டுசேர்த்துவிடும்.

தமிழர் மிகுதியாக வாழும் இடங்களை எடுத்துக்கொண்டால், செம்பூரை இப்பாதை தொட்டது. மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள் நிறைந்த அன்டாப் ஹில்லை இரண்டாம் பகுதியில் தொட்டது. மாட்டுங்காவைத் தொடவில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் தாராவிக்குள்ளும் நுழையவில்லை. நெருக்கடியான தெருக்களில் நிலம் எடுக்காமல் செல்லத்தக்கது என்பதுதான் ஒற்றைத் தண்டவாளத்தின் முதற்பெருமை. அப்பெருமைக்கு ஏற்ற இடங்கள் பல பாதைக்கு வெளியிலேயே நின்றுவிட்டன.

2017ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் விடியற்காலையில் மைசூர் காலனி நிலையத்தில் நின்ற வண்டியில் தீப்பற்றி இரண்டு பெட்டிகள் எரிந்தன. நல்லவேளையாகப் பிரயாணிகள் இல்லை. சேவை மீண்டும் தொடங்க 2018 செப்டம்பர் ஆயிற்று. அவ்வாண்டு இறுதியில் ஆணையம் ஸ்கோமியுடனான ஒப்பந்தத்தை முறித்து, நிர்வாகத்தைத் தானே ஏற்றது. 2019ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் ஜேக்கப் சர்க்கிள் வரையிலான பகுதியும் திறக்கப்பட்டது. பாதை நீண்டது, வண்டிகளோ குறைவு. ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் இடையே இருபது நிமிடம் காத்திருக்க வேண்டிவந்தால், மும்பைக்காரர் யாரும் நிற்கமாட்டார். மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு வண்டி காணும் ஊர் இது.

இடையே சென்னையும் இதில் ஆசை வைத்தது. 2006இலும், மீண்டும் 2011இலும் செல்வி ஜெயலலிதாவின் அரசு மோனோரெயில் திட்டத்தை அறிவித்தது. பூவிருந்தவல்லிக்கும் கத்திப்பாராவுக்கும் இடையே பாதை வகுத்தார்கள். தூண் ஒன்றும் எழவில்லை. 2015இல் மெட்ரோ ஓடத் தொடங்கியபின் பேச்சும் மெல்ல அடங்கியது.

காலியாக ஓடியதே பெருங்குறையாகப் பேசப்பட்ட மும்பை மோனோவுக்குச் சோதனை வந்ததோ கூட்டம் மிகுந்ததனால்! 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் அடைமழையால் துறைமுக இரயில் நின்றுவிட்டது. வீடு திரும்ப வேறு வழியறியாத மக்கள் மோனோவில் ஏறினார்கள். நான்கு பெட்டி கொண்ட அந்த வண்டி 104 டன் தாங்க வல்லது. அன்று சுமந்தது 109 டன் என்று ஆணையம் கூறியது. பாரத்தால், உத்தரத்தை ஒட்டிய மின்கம்பிக்கும் வண்டியின் மின்னேற்பிக்கும் இருந்த தொடர்பு விட்டுப்போயிற்று. மைசூர் காலனிக்கும் பக்தி பார்க்குக்கும் நடுவே, அந்தரத்தில், மாலை வேளையில் வண்டி நின்றது. குளிர்காற்று நின்றது, விளக்கு அணைந்தது. மூச்சுத் திணறியவர்கள் கண்ணாடியை உடைத்தார்கள். இறங்கி நடக்கலாம் என்றால் உத்தரத்தின் ஓரத்தில் நடைபாதை கிடையாது. தீயணைப்புப் படையினர் உயரமான ஏணி வண்டிகளைக் கொண்டுவந்து, சிறுகச் சிறுக 582 பேரை இறக்கி முடிக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு தண்டவாளப் பாதையில் வண்டி நின்றால் பிரயாணி குதித்து நடந்துவிடுகிறார். ஒற்றை உத்தரத்தில் மிச்சப்படுத்திய அந்த இரண்டடி அகலம் எத்தனை விலையுள்ளது என்பதை அன்று அறிந்தவர்கள் அந்த 582 பேரே. பாதை வகுத்தவர்கள் அவர்களிடம் கேட்டறிந்திருக்க வேண்டிய செய்தி அது.

அடுத்த மாதம் 15ஆம் நாள் அன்டாப் ஹில் அருகே மீண்டும் ஒரு வண்டி நின்றது. அதில் இருந்தவர் பதினேழு பேர். ஆகவே பாரத்தின்மீது பழி போட வழியில்லை. 2025 செப்டம்பர் 20 முதல் சேவை முழுவதும் நிறுத்தப்பட்டு, புதிய வண்டிகளையும் புதிய சமிக்ஞை முறையையும் பொருத்தும் வேலை தொடங்கியது. நவம்பர் 5ஆம் நாள் வடாலாவில், பிரயாணிகள் இல்லாத பரீட்சை ஓட்டத்திலேயே ஒரு புது வண்டியின் முகப்பு உத்தரத்தைவிட்டு விலகிச் சாய்ந்தது. அருகில் இரயில் நிலையம் ஏதும் இல்லாத பக்தி பார்க், மைசூர் காலனி வாசிகள் தூண்களின் நிழலில் நின்று பஸ்ஸை எதிர்பார்க்கலானார்கள்.